கடைத்தெருத் தண்ணீர் எந்தப் பக்கம்?

மழை தூற ஆரம்பித்தால் ஊரில் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள். கொடியில் காயும் துணியை எடுக்க ஒருத்தர், மாடி ஜன்னலைச் சாத்த ஒருத்தர், ஸ்கூட்டரைக் கூரைக்கு அடியில் தள்ள ஒருத்தர் என்று ஒரே அமளியாக இருக்கும். நகராட்சியின் மழைநீர் வடிகால் பொறியாளர் மட்டும் வெளியே ஓடுவாள். காலில் ரப்பர் செருப்பு, தோளில் யாருக்கோ தைத்தது போலத் தொளதொளவென்று ஒரு மழைக்கோட்டு, கையில் அடிக்கணக்கு எழுதிய ஒரு நீளக் குச்சி. தேங்குகிற இடத்திலெல்லாம் குச்சியை விட்டுப் பார்ப்பாள். 'மழை மேடம் கிளம்பிட்டாங்க, இனி விடாது' என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள்.

அவளுடைய கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். கல்யாணமான புதிதில் இந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, மழையில் நனைய ஆசைப்படுகிற பெண்டாட்டி, என்ன ரசனை என்று உச்சி குளிர்ந்துபோய் அவரும் ஒருநாள் கூடவே கிளம்பினார். ரசனையாவது ஒன்றாவது. பஸ் நிலையத்துக்குப் பின்னால், ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற ஒரு குழாய்ப்பாலத்துக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்தி, "இந்தப் பக்கம் வருது, அந்தப் பக்கம் போகல, பாருங்க! பாருங்க!" என்று குதித்தாள். அவர் பார்த்தார். அடுத்த வாரம் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டே விசில் ஊதினார்.

அவளுடைய அலுவலக அறை நகராட்சிக் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. மழைநீரை ஒழுங்காக அனுப்பிவைப்பதற்கென்றே இருக்கிற அந்தப் பிரிவின் கூரை ஒழுகும். கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. வருகிறவர்கள் வாளியைப் பார்த்துச் சிரித்தால், "சிரிக்காதீங்க சார், எங்க பிரிவுல சரியா வேலை செய்யற ஒரே வடிகால் அதுதான்" என்பாள். அவளுக்குக் கோபம் வருவது குறைவு. வாய் மட்டும் சும்மா இருக்காது.

இனி ஊர் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. ஊர் ஒரு நீளமான மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேட்டின் உச்சியில் கடைத்தெரு. கிழக்கே இறங்கினால் சின்ன ஓடை, மேற்கே இறங்கினால் பெரிய ஓடை. கடைத்தெரு முழுக்கக் கூரையும் சிமெண்டும் தாரும்தான். ஒரு சொட்டும் மண்ணுக்குள் இறங்காது. அங்கே விழுகிற அத்தனை மழையும் தெருவில் ஓடி ஏதோ ஒரு ஓடையில் போய் விழ வேண்டும். எந்த ஓடை? அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு கேள்விக்குத்தான் அக்காவும் தங்கச்சியும் முகம் பார்க்காமல் போனார்கள்.

ஊருக்கு வெள்ளத்தடுப்புத் திட்டம் ஒன்று போடச் சொல்லி அவளிடம் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷ உழைப்பு. பழைய நிலமட்ட வரைபடங்களைத் தேடி எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்தத் தெருத் தண்ணீர் எந்த ஓடைக்கு என்று ஊரையே பங்குபோட்டாள். கடைத்தெரு முழுக்கச் சின்ன ஓடைக்குத்தான் என்று வந்தது. சின்ன ஓடையோ ஒரு ஆள் தாண்டிவிடுகிற அகலம். பெருமழை ஒன்று அடித்தால் தாங்காது. ஓடையை அகலமாக்க வேண்டும். அதற்குக் கரையோர வீட்டு வரிசை போக வேண்டும். வரைபடத்தில் அந்த வரிசையின் மேல் சிவப்புக் கோடு போட்டது அவள் கைதான். அந்த வரிசையில் ஓடை வளைகிற இடத்தில் இருக்கிற கடைசி வீடு, அவளுடைய கூடப் பிறந்த தங்கச்சியின் வீடு.

தங்கச்சிக்கு மிக்சி, இஸ்திரிப்பெட்டி, மின்விசிறி பழுதுபார்க்கிற தொழில். புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அவள் தனியாகவே தொழிலை வளர்த்து, சேர்த்த காசில் வீட்டுக்குப் பின்னால் ஓடைச் சுவரை ஒட்டி ஒரு அறை எழுப்பியிருந்தாள். அறை ஓடைக்குள் கொஞ்சம் மூக்கை நீட்டிக்கொண்டுதான் நிற்கும். உள்ளே நீள மேசை, சுவர் முழுக்க ஆணிகளில் தொங்கும் மோட்டார்கள், ஒயர்கள், ஸ்குரூடிரைவர்கள். எந்த வீட்டு மிக்சி எப்போது கத்தும் என்று அவளுக்குத் தெரியும். அந்த அறைதான் அவளுக்கு ராஜ்யம்.

சிவப்புக் கோடு விஷயம் காதுக்கு எட்டியதும் நேராக அக்கா வீட்டுக்கு வந்து நின்றாள்.

"என் வீட்டு மேல கோடு போட உனக்குக் கை வந்துச்சாக்கா?"

"கோட்டை நான் போடலடி. தண்ணி போடுது."

"தண்ணிக்குப் பேனா பிடிக்கத் தெரியுமா? பேனா பிடிச்சது நீ."

அன்றைக்குப் போனவள்தான், அதன் பிறகு பேசவில்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்றால் அக்கா புருஷனுக்கு போன் போடுவாள். "மாமா, உங்க வீட்டுல ஒரு மேடம் இருக்காங்களே, அவங்க காதுல போடுங்க. மூணு வருஷமா எங்க சந்துல தண்ணியே ஏறல." பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் மேடம், "மூணு வருஷமா பெரிய மழை இல்லன்னு சொல்லுங்க" என்பாள். "கேட்டுச்சு மாமா, சொல்ல வேணாம்" என்று போனை வைத்துவிடுவாள் தங்கச்சி. நடுவில் அந்த மனுஷன் பாடு திண்டாட்டம். விசில் ஊதி இரண்டு பேரையும் மைதானத்தை விட்டு வெளியே அனுப்பவா முடியும்?

அக்காவுக்கும் சாப்பாடு இறங்கவில்லைதான். ஆனால் வேறு யாராவது வீடாக இருந்தால் கோடு போட்டிருப்போமே, இவள் வீடு என்பதற்காக வளைக்க முடியுமா என்று மனசை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த விஷயத்தில் கல் மாதிரிதான் அவள்.

நகராட்சிக் கூட்டத்தில் திட்டத்தை வைக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு பிற்பகலில் திடீரென்று ஒரு மழை வந்தது. வழக்கம்போல் குச்சியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினாள். மருந்துக்கடை வாசலில், தண்ணீர் கிழக்கும் மேற்கும் பிரிகிற இடத்தில், நின்று தண்ணீரைப் பார்த்தாள். மருந்துக்கடையிலிருந்து யாரோ எறிந்த ஒரு காலி அட்டைப்பெட்டி மிதந்து வந்தது. அவள் காலடியைச் சுற்றியது. ஒருகணம் யோசிப்பது போல நின்றது. பிறகு மேற்கே கிளம்பிவிட்டது.

மேற்கே!

அவளுக்குத் திக்கென்றது. நாம்தான் திசை மாறி நிற்கிறோமோ என்று திரும்பிப் பார்த்தாள். இல்லை, பஸ் நிலையம் அந்தப் பக்கம்தான், பெரிய ஓடையும் அந்தப் பக்கம்தான். அட்டைப்பெட்டி ஜம்மென்று அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. வரைபடத்தின்படி அது கிழக்கே போயிருக்க வேண்டும்.

மருந்துக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் கடைக்குள் வராமல் வாசலில் நின்றே கத்தினாள். "அண்ணே, உங்க கடைக்கு எத்தனை படி?"

"படியா? எங்கப்பா காலத்துல மூணு படி ஏறி வரணும். இப்ப ஒரு படி இறங்கி வரணும். கடை அப்படியேதான்மா இருக்கு. ரோடுதான் வளர்ந்துடுச்சு."

வளர்ந்துவிட்டது! பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார், அதன் மேல் இன்னொரு தார். தோசைக்கல்லில் மாவு ஊற்றுகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதுவும் கிழக்கு ஓரத்தில் கனமாக, மேற்கு ஓரத்தில் மெலிசாக. இயற்கை கொடுத்த மேட்டை ரோடு போடுகிறவர்கள் நகர்த்தி வைத்துவிட்டார்கள். அவள் கம்ப்யூட்டரில் ஏற்றிய மட்டமெல்லாம் இந்த ரோடு வளர்வதற்கு முன்னால் எடுத்தது. தெருவைத் தினம் மிதித்துக்கொண்டே, அதன் மட்டத்தைக் காகிதத்தில் தேடியிருக்கிறாள்.

வேறு யாராக இருந்தாலும் இரண்டு வருஷ வேலை தப்பாகிவிட்டதே என்று தலையில் கை வைத்திருப்பார்கள். இவள் மழையில் நின்று, "அண்ணே, தப்பு! நான் போட்டது தப்பு!" என்று கைகொட்டிச் சிரித்தாள். மருந்துக்கடைக்காரர் பயந்துபோய் காய்ச்சல் மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

மறுநாள் காலையிலேயே மட்டக்கருவியை எடுத்துக்கொண்டு போய்த் தெருவை ஓரம் ஓரமாக அளந்தாள். கண்ணால் பார்த்தது கருவியிலும் சரியாக வந்தது. அந்தச் சந்தோஷத்தோடு நகராட்சித் தலைவர் அறைக்குப் போக மாடிப்படியில் ஏறும்போதுதான் உறைத்தது. இதை யார் நம்புவார்கள்?

தலைவர் நல்ல மனுஷர், ஆனால் எதையும் ஒலிபெருக்கியில் சொன்னால்தான் அவருக்குச் சொன்ன மாதிரி இருக்கும். அவர் பக்கத்தில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு உறுப்பினர் உட்கார்ந்திருந்தார். எதையாவது சொல்லிவிட்டு 'நான் ஒண்ணும் சொல்லல' என்று முடிப்பது அவர் வழக்கம்.

"போன மாசம் வரைக்கும் சின்ன ஓடைன்னீங்க. இப்ப பெரிய ஓடைங்கறீங்க. நடுவுல யார் வீடு இருக்குன்னு ஊருக்கே தெரியும். நான் ஒண்ணும் சொல்லல" என்றார் கண்ணாடிக்காரர்.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "என் கணக்கை நம்ப வேணாம் சார். உங்க கண்ணை நம்புங்க. அடுத்த மழையில கடைத்தெரு உச்சியில ஒரு கூடை பந்து விடறேன். ஒரு ஓடைக்கு நீங்க காவல் நில்லுங்க, இன்னொண்ணுக்குத் தலைவர் நிக்கட்டும். பந்து எங்க வருதோ அங்கதான் தண்ணி."

"சின்ன ஓடைக்கு வந்தா?"

"அந்த வரிசையை இடிக்கறப்ப முதல் ஆளா நானே வந்து நிப்பேன்."

தலைவர் மேசையை ஓங்கித் தட்டினார். அவருக்கு இந்த யோசனை ரொம்பவே பிடித்துவிட்டது. "அடுத்த மழை! பேச்சு அவ்வளவுதான்!" பக்கத்து அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் கேட்டாள். "என்னங்க, உங்க ஸ்கூல்ல ஆரஞ்சு கலர்ல டேபிள் டென்னிஸ் பந்து இருக்குமே, ஒரு கூடை வேணும்."

"ஆகா, விளையாடப் போறியா?" என்று மனுஷர் மலர்ந்துபோனார்.

"சாக்கடையில விடப் போறேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இருந்தாலும் கொடுத்தார். இந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட பிறகு மறுத்துப் பேசிப் பழக்கமில்லை அவருக்கு.

பந்து வந்துவிட்டது, மழை வரவில்லை. வேண்டாத நாளில் கொட்டித் தீர்க்கிற வானம் இப்போது துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று கிடந்தது. ஊருக்கு விஷயம் பரவி, ஊரே அண்ணாந்து பார்த்தது. தலைவர் இதற்கென்றே மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று வாங்கி, எந்த நேரமும் தயாராக இருக்கவேண்டும் என்று வெயிலில் போட்டுக்கொண்டு திரிந்தார். உள்ளே வெந்துபோனார் என்று கேள்வி. சின்ன ஓடை வரிசையில் யாருக்கும் வேலை ஓடவில்லை. தங்கச்சி மட்டும் வாய் திறக்காமல் மிக்சிகளைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தாள். மாமாவுக்குக்கூட போன் இல்லை. அதுதான் அக்காவை அதிகமாக அரித்தது.

ஒரு நாள், மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம், மேற்கே கருத்தது. காற்று ஒரு சுற்று சுற்றிக் கடைப்பலகைகளைத் தட்டியது. முதல் சொட்டு அவள் மேசையருகே வாளியில் 'டங்' என்று விழுந்தது.

"வந்துடுச்சு!"

அவள் போட்ட சத்தத்தில் கீழ்மாடி வரி வசூல் பிரிவில் ஒருத்தர் கையெழுத்தைக் கோணலாகப் போட்டுவிட்டார். கூடையோடு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினாள். போன்கள் அலறின. தலைவர் மஞ்சள் கோட்டோடு பெரிய ஓடைப் பாலத்துக்குப் பறந்தார். அங்கே கடைத்தெரு வடிகால் வந்து விழுகிற வாயில் ஒரு கொசுவலையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கண்ணாடிக்காரர் குடையை விரித்துக்கொண்டு சின்ன ஓடைக்கு, தங்கச்சி வீட்டுப் பின்சுவருக்கு விரைந்தார். அங்கே ஏற்கெனவே தங்கச்சி நின்றிருந்தாள், வேலை செய்யும்போது போடுகிற பெரிய ஆம்பளைச் சட்டையோடு, குடையில்லாமல். விளையாட்டு ஆசிரியர் வகுப்பைப் பாதியில் விட்டுக் கழுத்தில் விசிலோடு கடைத்தெருவுக்கு ஓடிவந்தார். மழைக்கு உள்ளே ஓடுகிற ஊர் அன்றைக்கு வெளியே ஓடியது. கடைக்காரர்கள் வாசலில், வாங்க வந்தவர்கள் பலகை மேல், மாடிகளில் தலை தலையாக.

தெரு நிறைந்து ஓடத் தொடங்கியதும் அவள் கையை உயர்த்தினாள். விசில் ஒலித்தது. கூடையைக் கவிழ்த்தாள்.

ஆரஞ்சுப் பந்துகள் தண்ணீரில் விழுந்து, குதித்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிளம்பின. ஒரு நாய் குரைத்துக்கொண்டே கூட ஓடியது. தள்ளுவண்டிச் சக்கரத்தில் நாலைந்து மாட்ட, ஒருத்தர் குனிந்தார். "யாரும் தொடாதீங்க! அதுவா வரும்!" என்று அவள் அலறிய அலறலில் அவர் அப்படியே உறைந்துபோனார். அதுவாகவே வந்தது. கூட்டமும் கூடவே நகர்ந்தது. மருந்துக்கடை வாசலுக்கு வந்ததும் முதல் பந்துகள் வட்டமடித்தன. கிழக்கா மேற்கா என்று சுற்றின. கடைத்தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

ஒரு பந்து நழுவியது. மேற்கே. அதன் பின்னால் இன்னொன்று, பிறகு ஒரு கும்பல்.

ஓவென்று எழுந்த சத்தம் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். அவள் செருப்பு ஒன்று கழன்று போனதைக்கூடக் கவனிக்காமல் பந்துகளுக்குப் பக்கத்திலேயே ஓடினாள். மழை வலுத்துக்கொண்டே வந்தது; முகத்தில் அறைந்தது; கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். கடைத்தெருவில் பாதி அவளுக்குப் பின்னால் ஓடியது. பாலத்தில் தலைவர், "வருது! வருது! இதோ வந்துடுச்சு!" என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தார். கொசுவலையில் பந்துகள் பொதபொதவென்று வந்து விழுந்தன. அள்ளி அள்ளி வாளியில் போட்டார்கள்.

கண்ணாடிக்காரர் சின்ன ஓடையிலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். சத்தம் கேட்டதும் காவலை விட்டுவிட்டு ஓடிவந்திருந்தார். வழியில் குடை பின்புறமாக மடங்கிக் கிண்ணமாகியிருந்தது, அதில் தண்ணீரும் நிறைந்திருந்தது. வாளியைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "சரிதான். மேடம் சொன்னது சரிதான். இதை நான் சொல்றேன்" என்றார்.

"அப்ப இந்தப் பக்கம் வர்ற தண்ணியை எங்கம்மா நிறுத்தறது?" என்று கேட்டார் தலைவர்.

அவள் அந்தக் கணக்கை எப்போதோ போட்டு முடித்திருந்தாள். "ஸ்கூல் மைதானம் சார். முழங்கால் ஆழத்துக்கு இறக்கிடலாம். பெருமழைக்குக் குளம், மத்த நாளெல்லாம் விளையாட்டு. பஸ் ஸ்டாண்டும் தப்பிச்சிடும்."

காலிக்கூடையோடு அப்போதுதான் வந்து சேர்ந்த விளையாட்டு ஆசிரியர் வாயைப் பிளந்தார். "பந்து கேட்டே, கொடுத்தேன். இப்ப மைதானத்தையே கேக்கறியா?" பாலமே சிரித்தது.

தலைவர் ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டுபோனார். "சின்ன ஓடையில ஒரு செங்கல்லையும் தொட மாட்டோம்!" கைதட்டல் மழைச் சத்தத்தை மிஞ்சியது. வரிசை வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

அவள் வாளியைப் பார்த்தாள். கவிழ்க்கும்போது கூடை விளிம்பு வரை இருந்தது. வாளியில் அந்த அளவு இல்லை. எதில் எவ்வளவு பிடிக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வது அவளுடைய தொழில். அதில் அவள் கண் ஏமாறாது. கொஞ்சம் குறைந்தது. எங்கேயாவது மாட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தள்ளுவண்டிக்கு அடியில் இருக்கும், நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும். மனசுக்குள் ஏதோ நெருடியது. வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், அவளும் தட்டினாள். கல் மாதிரி நின்ற மனசு அந்த நிமிஷம் தங்கச்சி முகத்தை நினைத்து இளகிவிட்டது. இரண்டு வருஷமாக ஒருத்தருக்கும் வளையாதவள் இப்போது வளைந்தாள்.

அப்போது கூட்டம் விலகியது. தங்கச்சி வந்துகொண்டிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் ஒழுக, சட்டையின் முன்பக்கத்தை மடி போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நேராக அக்காவின் எதிரில் வந்து நின்று மடியை விரித்தாள். உள்ளே ஆரஞ்சுப் பந்துகள்.

"அக்கா, என் பக்கமும் வந்துச்சு" என்றாள்.

தலைவர் மடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எப்ப? நான் அங்கதானே நின்னேன்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"நீங்க ஓடினப்புறம். மழை பலமா பிடிச்சதும் வந்துச்சு."

தலைவர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார். "ஏம்மா, அங்க யாருமே இல்லையே. ஓடையிலேயே போட்டிருந்தா அடிச்சிட்டுப் போயிருக்குமே."

"நான் இருந்தேனே சார்" என்றாள் தங்கச்சி.

அக்காவை வெட்கம் பிடுங்கித் தின்றது, பெருமையிலும் நெஞ்சு விம்மியது, இரண்டும் ஒரே சமயத்தில். தங்கச்சியின் மடியிலிருந்து பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுக்க எடுக்கக் கணக்கு தெளிந்தது. சாதா மழையில் தண்ணீர் புது மேட்டைத் தாண்டாது, மேற்கே போய்விடும். மழை வலுத்தால் ஒரு பங்கு மேட்டைத் தாண்டி, மருந்துக்கடைச் சந்து வழியாகக் கிழக்கே விழும். முழுத் தெருவுமில்லை, ஐந்தில் ஒரு பங்குதான். அந்தப் பங்குக்கு ஓடையை அகலமாக்கத் தேவையில்லை. ஆனால் ஓடை எங்கேயும் முட்டாமல் ஓட வேண்டும். அது முட்டுகிற இடம் ஒன்றே ஒன்றுதான்.

"வரிசை நிக்கும்" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ஒரு வீடும் போக வேணாம். ஆனா வளைவுல ஓடைக்குள்ள நீட்டிட்டு நிக்கிற பகுதி போகணும். இல்லைன்னா தண்ணி அங்க முட்டித் திரும்பி, மொத்த வரிசைக்கும் ஏறும்." தங்கச்சி பக்கம் திரும்பினாள். "உன் பின்னறைதாண்டி."

தங்கச்சி சட்டை நுனியைப் பிழிந்தாள். கண்ணில் வழிந்தது மழையா வேறா என்று யாருக்கும் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

"வீடு நிக்குமா?"

"நிக்கும்."

"சத்தியமா?"

"சத்தியமெல்லாம் வேணாம். இன்னொரு தடவை அளக்கறேன், உன் முன்னாடி."

"அப்ப வா, இப்பவே அள. தண்ணி ஓடிட்டு இருக்கறப்பவே."

இரண்டு பேரும் மழையில் இறங்கி நடந்தார்கள். ஒருத்திக்கு ஒரு கால் செருப்பில்லை. போகிற வழியெல்லாம் தங்கச்சி விடாமல் பேசிக்கொண்டே வந்தாள். பேசாமல் விட்ட மாதங்களுக்கெல்லாம் சேர்த்துப் பேசினாள், அதில் பாதி திட்டு. அக்கா அத்தனை திட்டையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். பின்னால் ஊரும் வந்தது, தலைவரும் வந்தார்.

ஓடைத் தண்ணீர் சுழன்றடித்துப் பின்னறைச் சுவரை மோதிக்கொண்டிருந்தது. அக்கா டேப்பின் ஒரு முனையைப் பிடித்தாள், மறுமுனையைத் தங்கச்சி பிடித்தாள். அக்கா அளந்து, மேசைக்கு ஓடைப் பக்கம், இடிக்க வேண்டிய எல்லையாகச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் மெல்லிசாக ஒரு கோடு போட்டாள். எவ்வளவு குறைவாக எடுக்க முடியுமோ அவ்வளவு குறைவாக.

தங்கச்சி குனிந்து ஜன்னல் வழியாக ஓடையைப் பார்த்தாள். பிறகு அக்கா கையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை வாங்கி, அந்தக் கோட்டை உள்ளங்கையால் அழித்தாள். ஒரு முழம் உள்ளே தள்ளி, மேசைக்கு வீட்டுப் பக்கம், புதுக் கோட்டை அழுத்தமாகப் போட்டாள்.

"பெருமழை வந்தா அதுவரைக்கும் முட்டும்க்கா. நான் பார்த்திருக்கேன்" என்றாள்.